ஐந்து மணிக்கு யார் வருவார்கள்? சிகாகோ, பாஸ்டன் பார்கள்

மேடை வைத்து நடத்தும் சின்ன பார்களுக்கு ஒரே தலைவலிதான். கதவைத் திறப்பது மாலை ஐந்துக்கு. பாட ஆரம்பிப்பது ஒன்பதுக்கு. இடையில் நாற்காலி காலி, சம்பளம் மட்டும் ஓடும். அந்த ஓட்டையை அடைக்கத்தான் ஹேப்பி ஹவர்: மாலையில் சில மணி நேரம் மட்டும் மதுவை மலிவாக விற்பது. ஆனால் அமெரிக்காவில் இதை மாநிலச் சட்டம் தீர்மானிக்கிறது.

சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலம் 1989-ல் ஹேப்பி ஹவரைத் தடை செய்தது. விலையைக் குறைத்தால் நாள் முழுக்கக் குறைக்க வேண்டும் என்றார்கள். 2015-ல் தளர்த்தினார்கள், கடிவாளத்தோடு: ஒரு நாளில் 4 மணி நேரம், வாரத்தில் 15 மணி நேரம், இரவு 10 மணிக்கு மேல் கூடாது, ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ கூடாது. பதினைந்தை ஐந்து வேலை நாளுக்குப் பிரித்தால் தினம் மூன்று மணி நேரம். ஐந்தில் இருந்து எட்டு என்று வைத்துக்கொண்டால், எட்டுக்கு விலை ஏறும். ஆபீஸ் கூட்டம் பையைத் தூக்கும். ஒன்பது மணிப் பாட்டுக்காரருக்கு மறுபடி காலி நாற்காலிதான்.

பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் இன்னும் கறார். 1983-ல் பாஸ்டனை ஒட்டிய பிரெயின்ட்ரீயில், விளையாட்டில் பரிசாக பீர் ஜாடிகளை வென்று குடித்துவிட்டு வந்த கூட்டத்தில் ஓர் இளம்பெண் கார் விபத்தில் இறந்தார். அடுத்த ஆண்டே ஹேப்பி ஹவருக்குத் தடை. ஒரு வாரத்துக்குள் மதுவின் விலையை மாற்ற முடியாது. புதன்கிழமை மாலை பீரை மலிவாக விற்றால், சனிக்கிழமை இரவு அரங்கு நிரம்பி வழியும்போதும் அதே மலிவு விலைதான். எந்த முதலாளி ஒத்துக்கொள்வார்? ஆனால் சாப்பாட்டுக்கு இந்தத் தடை கிடையாது. அதனால்தான் பாஸ்டனில் மலிவு விலைச் சிப்பி: பொடித்த ஐஸ் மேல் அரை ஓட்டில் சிப்பி, ஓரத்தில் எலுமிச்சைத் துண்டு. பக்கத்தில் இருக்கும் பீருக்கு மட்டும் முழு விலை.

சிப்பி வசதி உள்ள உணவகங்கள் பிழைத்துக்கொண்டன. அடுப்பே இல்லாத இசை பார்? இதற்கு பாஸ்டனின் வாலிஸ் கஃபே நல்ல பதில். பார்படோஸில் இருந்து வந்த ஜோசப் வால்காட் 1947-ல் தொடங்கிய குறுகலான ஜாஸ் பார். பெர்க்லி போன்ற இசைக் கல்லூரிகளின் மாணவர்கள் வந்து வாசிப்பார்கள். பல காலம் கதவில் கட்டணம் வாங்கியதில்லை. அங்கே மாலையை நிரப்பியது தள்ளுபடி அல்ல, ஜாம் செஷன், அதாவது ஒத்திகை இல்லாமல் கூடி வாசிப்பது. எனக்குப் பிடித்தது இந்த வழிதான், ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: கூப்பிடு தூரத்தில் இசைக் கல்லூரி இல்லாத ஊரில் இது நடக்காது. பர்ஸ் மெலிந்தவருக்கு ஹேப்பி ஹவர் உள்ள சிகாகோ மலிவு என்பதும் நிஜம்.

அதே சிகாகோவில் இன்னொரு வழியும் இருக்கிறது. தொழிற்கூடங்கள் நிறைந்திருந்த பகுதியில் பழைய மரவீடு ஒன்றில் இருக்கும் ஹைட்அவுட் என்ற இசை பார், 2009 குளிர்காலத்தில் ‘சூப் அண்ட் பிரெட்’ என்ற புதன்கிழமை மாலையைத் தொடங்கியது. அக்கம்பக்கத்தார், சமையல்காரர்கள், இசைக்காரர்கள் ஆளுக்கொரு பானை சூப் கொண்டுவருவார்கள். கிண்ணத்தை நீட்டி வேண்டியதை ஊற்றிக்கொள்ளலாம். முடிந்ததைப் பெட்டியில் போடலாம். அந்தப் பணம் உணவு வங்கிகளுக்குப் போகும். மூன்றாவது பானைக்கு வரும்போது முன்னால் நிற்பவரிடம் “இதில் காரம் எப்படி?” என்று கேட்டே ஆக வேண்டும். பேச்சு அப்படித்தான் ஆரம்பிக்கிறது. இந்தக் கூட்டத்துக்கு எட்டு மணிக்கு விலை ஏறும் என்ற அவசரம் கிடையாது.

கணக்குப் பார்த்தால் தள்ளுபடியில் உடனே கல்லா நிறையும், சூப்பில் நிறையாது. ஆனால் சட்டம் சூப்பைத் தொடவில்லை, இரண்டையும் வைத்துக்கொள்ள சிகாகோவில் தடையும் இல்லை. சூப் குளிர்காலத்துக்கு மட்டும்தான். கோடையில் அந்த மூன்று மணி நேரத் தள்ளுபடியைப் போட்டுக்கொள்ளட்டும், நான் குறை சொல்ல மாட்டேன்.