விண்மீன் திரள்களைப் படமெடுக்க: 80 மி.மீ. லென்ஸ் தொலைநோக்கியா, 8 அங்குல ஷ்மிட்-கேஸெக்ரெய்னா (ஆடிகளும் லென்ஸும் சேர்ந்த தொலைநோக்கி)?

பார்வைப் பரப்பு: ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு உணரி கொண்ட) கேமராவுடன், 480 மி.மீ. குவியத் தூரமுள்ள சிறியதில் 25 லட்சம் ஒளியாண்டு தொலைவிலுள்ள ஆண்ட்ரோமெடா விண்மீன் திரள் ஏறக்குறைய முழுதாக அடங்கும்.
2032 மி.மீ. கொண்ட பெரியதில் அதன் நடுப்பகுதி மட்டுமே. ஆனால் எம்51 என்ற சுருள் விண்மீன் திரள் சிறியதில் மிகச் சிறிதாகவே தெரியும். பெரியதில் அதன் சுருள் கரங்களும் தூசிப் பட்டைகளும் பிரிந்து தெரியும். அந்த அழகுக்கு ஈடில்லை!

உழைப்பு: பெரியதில், தொலைநோக்கியை வானத்தின் நகர்வோடு திருப்பும் தாங்கியின் சிறு தடுமாற்றமும் விண்மீன்களைக் கோடாக இழுத்துவிடும். முன்கண்ணாடியில் பனி படியும். சூடேற்றும் பட்டை கட்டாயம். ஆடிகளின் அச்சையும் அவ்வப்போது சரிசெய்ய வேண்டும்.
சிறியதில் இத்தொல்லைகள் குறைவு.

செலவு: பெரியதைச் சுமக்கும் உறுதியான தாங்கியின் விலை பெரும்பாலும் தொலைநோக்கிக் குழாயின் விலையைத் தாண்டிவிடும்.

புதிதாகத் தொடங்குபவர் தயங்காமல் சிறியதை வாங்கலாம். நல்ல தாங்கியும், அதன் தடுமாற்றத்தைக் கண்டு திருத்த உதவும் வழிகாட்டிக் கேமராவும் கைவசம் உள்ளவருக்குப் பெரியதே சரி.