ப்ளூ நோட் எல்பி வாங்குவது: கிளாசிக் வினைலா, டோன் போயட்டா, மலிவுப் பதிப்பா?

ஜாஸ் டிரம்மர் ஆர்ட் பிளேக்கியின் 'மோனின்' ஆல்பத்தைப் புது எல்பியாக, அதாவது வினைல் இசைத்தட்டாக, வாங்கலாம் என்று தேடினால், ஏறக்குறைய ஒரே அட்டைப்படத்தோடு பல பதிப்புகள் வரிசை கட்டி நிற்கின்றன. ஒன்று 15 யூரோவை ஒட்டி இருக்கும். அதை முதலில் வெளியிட்ட ஜாஸ் நிறுவனமான ப்ளூ நோட்டே போடும் கிளாசிக் வினைல் பதிப்பு 30 டாலரை ஒட்டி. அதே நிறுவனத்தின் டோன் போயட் வரிசையில் வேறொரு ஆல்பத்தை எடுத்தால் 40 டாலர் பக்கம் போய்விடும். மூன்றின் மேலும் '180 கிராம்' என்று ஒட்டியிருப்பார்கள். இதில் எதற்குக் காசு கொடுப்பது?

நான் கிளாசிக் வினைல் கட்சி. என் அலமாரியில் உள்ள ப்ளூ நோட் தட்டுகளில் பெரும்பாலானவை அந்த வரிசைதான். அது ஏன் என்று சொல்கிறேன், டோன் போயட்டை எங்கே விட முடியாது என்பதையும் சேர்த்து.

முதலில் யார் எவர் என்று பார்த்துவிடலாம். டோன் போயட் 2019இல் தொடங்கிய வரிசை. பொறுப்பாளர் ஜோ ஹார்லி. மியூசிக் மேட்டர்ஸ் என்ற சிறு நிறுவனத்தின் வழியாகப் பல ஆண்டுகள் ப்ளூ நோட் ஆல்பங்களை மிகுந்த அக்கறையோடு மறுவெளியீடு செய்தவர். அதைக் கேட்டுத்தான் ப்ளூ நோட் தலைவர் டான் வாஸ் இந்த வரிசையை அவரிடம் ஒப்படைத்தார். 'டோன் போயட்' என்பது சாக்ஸஃபோன் கலைஞர் சார்ல்ஸ் லாய்ட் ஹார்லிக்கு வைத்த பட்டப்பெயர். தட்டுகள் கலிஃபோர்னியாவில் ஆர்டிஐ ஆலையில் அச்சாகின்றன. உறை கெட்டி அட்டையில், புத்தகம்போல விரியும். கிளாசிக் வினைல் அந்தப் பெயரில் வரத் தொடங்கியது 2020 டிசம்பரில். அதற்கு முன் நிறுவனத்தின் 80ஆம் ஆண்டுக்காகப் போட்ட வரிசையின் தொடர்ச்சி அது. ஜெர்மனியில் ஆப்டிமல் ஆலையில் அச்சு, சாதாரண ஒற்றை உறை.

மூன்றாவது வகை, ஐரோப்பாவின் மலிவுப் பதிப்புகள். அங்கே ஒலிப்பதிவுக்கான உரிமைக்காலம் முன்பு 50 ஆண்டுகள். 2013இல் அதை 70 ஆக்கினார்கள். ஆனால் அதற்குள் காலாவதியானவற்றுக்கு உயிர் கொடுக்கவில்லை. ஆகவே 1962 முடிய வெளியான ஜாஸ் எல்லாம் அங்கே பொதுச்சொத்து. யார் வேண்டுமானாலும் 'மோனின்' போடலாம், ஜான் கோல்ட்ரேனின் 'ப்ளூ ட்ரெய்ன்' போடலாம். சட்டத்தில் இதற்குத் தடையே இல்லை.

எடை, உறை, மறுவிற்பனை இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 180 கிராம் என்பது தட்டின் கனம், ஒலிக்கான உத்தரவாதம் அல்ல. உறையில் டோன் போயட்டை அடிக்க ஆள் இல்லை. தீர்ந்துபோன டோன் போயட் தட்டுகள் பழைய சந்தையில் கொஞ்ச நாள் விலை ஏறும், பிறகு நிறுவனமே மறுபடி அச்சிட்டால் இறங்கிவிடும். அதை நம்பி முதலீடு மாதிரி வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நான் பார்ப்பது ஒன்றைத்தான்: இந்தத் தட்டில் உள்ள ஒலி எங்கிருந்து எடுக்கப்பட்டது, அதை வெட்டியது யார்?

எல்பி என்பது முதலில் ஒரு லாக்கர். அலுமினியத் தகட்டின் மேல் பூசிய மென்பரப்பில் ஊசி பள்ளம் வெட்டிக்கொண்டு போகும். அதிலிருந்து உலோக அச்சு, அச்சிலிருந்து நம் கைக்கு வரும் தட்டு. பதிவு டேப்பிலிருந்து நேராக வெட்டும்போது ஒரு சிக்கல் உண்டு. அடுத்து சத்தமான இடம் வருகிறதா, மெல்லிய இடம் வருகிறதா என்று வெட்டும் இயந்திரத்துக்கு முன்கூட்டியே தெரிந்தால்தான் பள்ளங்களுக்கு நடுவே எவ்வளவு இடம் விடுவது என்று அது முடிவு செய்ய முடியும். அதற்காகவே டேப் இயந்திரத்தில் முன்னதாகக் கேட்கும் கூடுதல் தலை ஒன்று இருக்க வேண்டும். அது இல்லாத இடங்களில் ஒலியை டிஜிட்டலாக்கித் தாமதப்படுத்தித்தான் வெட்டுவார்கள். டேப்பிலிருந்து எடுத்தது என்று சொல்லப்படும் தட்டும் நடுவில் டிஜிட்டல் வழியாகப் போயிருக்கலாம் என்பது இதனால்தான்.

கிளாசிக் வினைல், டோன் போயட் இரண்டையும் வெட்டுபவர் ஒரே ஆள்: கெவின் கிரே. அவருடைய கோஹியரன்ட் ஆடியோ கூடத்தில், மூல டேப்பிலிருந்து, நடுவில் டிஜிட்டலாக்காமல் முழுக்க அனலாக் வழியில். டோன் போயட்டுக்கு ஜோ ஹார்லியும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறார். கிளாசிக்கில் டேப்பே கிடைக்காத ஆல்பத்துக்கு மட்டும் விதிவிலக்கு என்று நிறுவனம் சொல்கிறது. தட்டை விளக்கடியில் சாய்த்து, கடைசிப் பாட்டு முடிந்த பிறகு லேபிளைச் சுற்றி வரும் வெற்று வளையத்தைப் பாருங்கள். 'கேபிஜி' என்று அவருடைய முதலெழுத்துகள் கையால் கீறப்பட்டிருக்கும். இரண்டு வரிசையிலும் அதே எழுத்துகள்தான். 10 டாலர் கூடக் கொடுப்பதால் வேறொரு காது கிடைத்துவிடுவதில்லை. அந்தப் பணம் உறைக்கும், உள்ளே இருக்கும் புகைப்படங்களுக்கும், வேறு ஆலைக்கும் போகிறது.

மலிவுப் பதிப்பில் நிலைமை வேறு. மூல டேப் ப்ளூ நோட்டின் கிடங்கில் இருக்கிறது. உரிமம் வாங்காமல் போடும் வெளியாருக்கு அதைத் தரமாட்டார்கள். அப்படியானால் அந்தத் தட்டு எதிலிருந்து வந்தது? சிடியிலிருந்தா, பழைய எல்பியிலிருந்தா? உறையில் ஒரு வார்த்தை இருக்காது. கிட்டத்தட்ட ஜெராக்ஸின் ஜெராக்ஸ்.

'மோனின்' என்னிடம் மலிவு, கிளாசிக் இரண்டு பதிப்பிலும் இருந்தது. 1958 அக்டோபர் 30 அன்று நியூ ஜெர்சியின் ஹாக்கன்சாக்கில், ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் பெற்றோர் வீட்டு வரவேற்பறையில் பதிவானது. முதல் பாட்டில் பாபி டிம்மன்ஸ் பியானோவில் ஒரு வரி கேட்கிறார், லீ மார்கனின் ட்ரம்பெட்டும் பென்னி கோல்சனின் சாக்ஸஃபோனும் இரண்டே சுரத்தில் பதில் சொல்கின்றன, தேவாலயத்தில் கூட்டம் ஆமென் சொல்வது போல. பிறகு இடம் மாறி ஊதுகுழல்கள் கேட்கின்றன, பியானோவும் மற்றவர்களும் பதில் சொல்கிறார்கள். மலிவுத் தட்டில் பியானோ தனியாக வரும்போதும் சரி, எல்லோரும் சேரும்போதும் சரி, சத்தம் ஒரே அளவுதான். ஜிமி மெரிட்டின் பேஸ் கேட்கிறது, ஆனால் நரம்பில் விரல் படும் அந்தத் தொடக்கம் இல்லை. சிம்பல் சில்லென்று ஒரு தகரச் சத்தம். கிளாசிக் தட்டில் மார்கன் தனியாவர்த்தனத்தைத் தொடங்கும் இடத்தில் அவருக்கும் பிளேக்கிக்கும் நடுவே ஓர் இடைவெளி, ஓர் அறை, தெரிகிறது. பிளேக்கி பின்னால் உருட்டி எழுப்பும்போது அது நிஜமாகவே எழும்புகிறது. என் டர்ன்டேபிள் நடுத்தர விலையில் வாங்கியது. அதிலேயே இவ்வளவு கேட்கிறது.

1950களின் அசல் தட்டுகளைவிட இவை நன்றாக இருக்க முடியுமா என்று பலர் கேட்பார்கள். வான் கெல்டர் அந்தக் காலத்து மலிவு ப்ளேயர்களில் ஊசி குதித்துவிடக் கூடாது என்று அடி ஒலியைக் கொஞ்சம் குறைத்து, ஏற்ற இறக்கத்தை இறுக்கித்தான் வெட்டினார். அப்படி வெட்டியதில் ஒரு வேகமும் நெருக்கமும் வந்தது, அதற்கென்றே உயிரை விடுபவர்கள் இருக்கிறார்கள். கிரே வெட்டியதில் டேப்பில் இருந்த அடி ஒலி திரும்ப வருகிறது. நல்ல நிலையில் உள்ள அசல் தட்டை நான் அதிகம் கேட்டதில்லை. அதனால் எது மேல் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அதன் விலை நம்மைப் போன்றவர்கள் யோசிக்கக்கூடியதும் அல்ல.

அனலாக் என்றால் உயர்வு, டிஜிட்டல் என்றால் மட்டம் என்று நான் சொல்லவில்லை. 2022 ஜூலையில் மறுவெளியீடுகள் போடும் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம் பல ஆண்டுகளாகத் தன் தட்டுகள் பலவற்றை வெட்டும்போது நடுவில் டிஜிட்டல் கட்டம் ஒன்றைப் பயன்படுத்தியது வெளியே வந்தது. அதுவரை அவற்றை அனலாக்கின் உச்சம் என்று கொண்டாடியவர்கள் நல்ல காது உள்ளவர்கள்தான். தட்டுகளும் நன்றாகத்தான் ஒலித்தன. ஆனால் வாங்கியவர்கள் வழக்குப் போட்டார்கள், அதில் நியாயம் இருக்கிறது. என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். மூல டேப்பிலிருந்து டிஜிட்டலாக்கிக் கவனமாக வெட்டிய தட்டு எனக்குச் சம்மதம். எங்கிருந்து வந்தது என்றே சொல்லாத தட்டு சம்மதம் இல்லை.

டேப்பைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். 2008இல் ஹாலிவுட்டில் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் வளாகம் தீப்பிடித்தபோது அங்கிருந்த யுனிவர்சல் மியூசிக் கிடங்கில் ஏராளமான மூல டேப்புகள் எரிந்துபோயின. ப்ளூ நோட் அப்போது ஈஎம்ஐ நிறுவனத்திடம் இருந்தது. யுனிவர்சல் கைக்கு வந்தது 2012இல்தான். நான்கு ஆண்டு முன்னதாக விற்றிருந்தால்? நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை.

சரி, கையில் இருக்கும் காசுக்கு என்ன வாங்கலாம்? ஒரே ஆல்பம் கிளாசிக், டோன் போயட் இரண்டிலும் வருவது அபூர்வம். எனவே பணத்தை எந்த வரிசைப் பக்கம் திருப்புவது என்பதுதான் முடிவு. புதிதாக ஜாஸ் பக்கம் வருபவருக்குக் கிளாசிக் போதும் என்பேன். பெரும் பெயர்கள் எல்லாம் அதில்தான். கேனன்பால் ஆடர்லியின் 'சம்திங் எல்ஸ்'. அதில் 'ஆட்டம் லீவ்ஸ்' பாட்டுக்கு மைல்ஸ் டேவிஸ் அடைப்பு போட்ட ட்ரம்பெட்டோடு வருவார், அந்த ஒரு பக்கத்துக்கே காசு செரித்துவிடும். லீ மார்கனின் 'த சைட்வைண்டர்', வெய்ன் ஷார்ட்டரின் 'ஸ்பீக் நோ ஈவில்', ஹெர்பி ஹேன்காக்கின் 'மெய்டன் வாயேஜ்', எரிக் டால்ஃபியின் 'அவுட் டு லஞ்ச்'. பியானோவே இல்லாமல் கிட்டார், சாக்ஸஃபோன், பேஸ், டிரம்ஸ், காங்கா மேளம் என்று நடக்கும் கென்னி பரலின் 'மிட்நைட் ப்ளூ'. 'சம்திங் எல்ஸ்' தவிர மற்றவை 1963இலோ அதற்குப் பிறகோ வெளியானவை. இவற்றுக்குச் சட்டப்படி மலிவுப் போட்டியே கிடையாது. நான்கு டோன் போயட் வாங்கும் காசில் இவற்றில் ஐந்து வரும். கேட்காத ஓர் ஆல்பம் கூடுதலாகக் கிடைப்பதைவிட உறை பெரிதில்லை.

அப்புறம், டோன் போயட்டை எங்கே விட முடியாது? அதிகம் பேசப்படாத ஆல்பங்களில். டீனா ப்ரூக்ஸ் என்ற சாக்ஸஃபோன் கலைஞர் தன் பெயரில் பல ஆல்பங்கள் பதிவு செய்தார். 1974இல் இறப்பதற்குள் வெளிவந்ததைப் பார்த்தது ஒன்றே ஒன்று, 'ட்ரூ ப்ளூ'. 1958 மார்ச்சில் லீ மார்கன், சானி கிளார்க், பிளேக்கி ஆகியோரோடு பதிவு செய்த 'மைனர் மூவ்' அவர் காலத்தில் வரவே இல்லை. அதை டோன் போயட் இன்று இவ்வளவு மரியாதையோடு போட்டிருக்கிறது. உறையை விரித்தால் ஃப்ரான்சிஸ் வுல்ஃப் எடுத்த கறுப்புவெள்ளைப் படங்கள். இந்த இடத்தில் 40 டாலர் எனக்கு உறுத்தவில்லை. ஆண்ட்ரூ ஹில்லின் 'ப்ளாக் ஃபயர்', சாம் ரிவர்ஸின் 'கான்டூர்ஸ்' ஆகியவையும் அப்படித்தான். பசிஃபிக் ஜாஸ் நிறுவனத்து 'செட் பேக்கர் சிங்ஸ்' போன்றவையும் இதே வரிசையில் வந்தன.

'ப்ளூ ட்ரெய்ன்' தனி. 2022இல் டோன் போயட் அதை ஒற்றைத் தட்டு மோனோவாகவும் (எல்லா ஒலியும் ஒரே தடத்தில்), அதே பாட்டுகளின் மாற்றுப் பதிவுகள் சேர்த்த இரட்டைத் தட்டு ஸ்டீரியோவாகவும் போட்டது. நான் மோனோவை எடுத்தேன். ஹாக்கன்சாக்கில் வான் கெல்டரும் தயாரிப்பாளர் ஆல்ஃப்ரட் லயனும் பதிவின்போது மோனோவில்தான் கேட்டார்கள், வாத்தியங்களின் ஒலிச் சமநிலையும் அதை வைத்தே அமைந்தது. கோல்ட்ரேன், மார்கன், கர்ட்டிஸ் ஃபுல்லர் மூவரும் சேர்ந்து அந்த முதல் வரியை ஊதும்போது ஒரே சுவராக வருகிறது. மார்கனுக்கு அப்போது 19 வயது. மாற்றுப் பதிவுகள் வேண்டும் என்றால் ஸ்டீரியோ எடுக்க வேண்டியதுதான்.

இந்தக் கணக்கெல்லாம் பழைய டேப்புகளுக்கு. இமானுவல் வில்கின்ஸ் போன்ற இன்றைய ப்ளூ நோட் கலைஞர்களின் புது ஆல்பங்களை எல்பியில் வாங்கத்தான் வேண்டுமா என்பதில் எனக்கு உறுதியான கருத்து இல்லை. நான் அவற்றைப் பெரும்பாலும் டிஜிட்டல் கோப்பாகவே வாங்குகிறேன், குறை தெரியவில்லை.

ரிவர்சைட், ப்ரெஸ்டீஜ் போன்ற மற்ற பழைய ஜாஸ் நிறுவனங்களின் ஆல்பங்களை க்ராஃப்ட் நிறுவனம் 2023இலிருந்து ஒரிஜினல் ஜாஸ் கிளாசிக்ஸ் என்ற பழைய பெயரில் மீண்டும் போடுகிறது. வெட்டுபவர் அங்கேயும் கெவின் கிரேதான், விலை டோன் போயட் மாதிரி. வெர்வ், இம்பல்ஸ் ஆல்பங்களுக்கு அக்கூஸ்டிக் சவுண்ட்ஸ் வரிசை இருக்கிறது. அதை வெட்டுபவர் ரையன் ஸ்மித், அச்சு கான்ஸஸ் மாநிலத்தில். இந்த இரண்டிலும் நான் கேட்டது சொற்பம், கேட்டவரை நன்றாக இருந்தன.