ரேபிஸா நிபாவா, எதுக்கு அதிகமா பயப்படணும்?

ரெண்டுமே விலங்குகிட்ட இருந்து மனுஷனுக்கு வர்ற வைரஸ் தான், ஆனா நிபான்னு நியூஸ் வந்தா உடனே மாஸ்க்கை தேடுறவங்க நாய் கடிச்சா மட்டும் "சின்ன கீறல் தானே"ன்னு விட்டுடுறாங்க, இது என்ன கணக்குன்னு எனக்கு புரியல.

சாவு கணக்கு பாத்தா நிபா 40ல இருந்து 75 சதவீதம். ரேபிஸ்ல அறிகுறி வந்துட்டா கிட்டத்தட்ட 100, பொழைச்சவங்க ரொம்ப ரொம்ப கம்மி.

ஆனா ரேபிஸ் டைம் குடுக்கும். வைரஸ் கடிபட்ட இடத்துல இருந்து நரம்பு வழியா மூளைக்கு ஏறணும், பொதுவா 2-3 மாசம், சிலருக்கு ஒரே வாரம்கூட ஆகும், அந்த கேப்புக்குள்ள சோப்பு போட்டு 15 நிமிஷம் நல்லா கழுவி, லேட் பண்ணாம தடுப்பூசி, ரத்தம் வர்ற காயம்னா கூடவே இம்யூனோகுளோபுலின் (வைரஸை உடனே எதிர்க்கிற ரெடிமேட் எதிர்ப்பு சக்தி ஊசி), இவ்ளோ பண்ணா தப்பிச்சிடலாம். 1885லயே லூயி பாஸ்டர்ங்கிற பிரெஞ்சு விஞ்ஞானி ரேபிஸ் தடுப்பூசி போட்டு காட்டியாச்சு, இன்னும் வருஷத்துக்கு பல்லாயிரம் பேர் சாகுறாங்க!

நிபாவுக்கு அந்த வசதியே இல்ல, அங்கீகாரம் வாங்குன தடுப்பூசியும் கிடையாது. வைரஸோட வீடு பழந்தின்னி வௌவால். 1998-99ல மலேசியால பன்னி வழியா வந்துச்சு, வங்கதேசத்துல வௌவால் வாய் வெச்ச பச்சை ஈச்ச மரச் சாறு குடிச்சு வந்துச்சு. அதுவும் போக ஆளுக்கு ஆள் தொத்தும், 2018 கேரளாவுல ஆஸ்பத்திரிக்குள்ளயே பரவுச்சு. ரேபிஸ் அப்படி பரவாது.

கொள்ளைநோயா மாறுற பயம்னா நிபா, தனி மனுஷனுக்கு நாளைக்கே வரக்கூடியதுன்னா ரேபிஸ் தான், என் ஓட்டு அதுக்கே.