இருநூறு அடி விழுந்தும் எழும் வீரன்: டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 5-ஆம் பதிப்பு

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக ஆடும் கதை விளையாட்டு. 2014-இல் வந்த இந்தப் பதிப்பில், விழும் ஒவ்வொரு பத்தடிக்கும் ஒரு ஆறு பக்கப் பகடையில் விழும் எண் அளவு சேதம். உச்சவரம்பு 20 பகடை. இருநூறு அடிக்குச் சராசரி 70. கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) 16 உள்ள பத்தாம் லெவல் ஃபைட்டருக்கோ (போர்வீரன்) 94 ஹிட் பாயின்ட், அதாவது அத்தனை சேதம் தாங்கும் அளவு. மலையுச்சியிலிருந்து விழுந்தும் தூசு தட்டிவிட்டு நடப்பான்! ஹிட் பாயின்டில் அதிர்ஷ்டமும் அடக்கம் என்கிறது விதிநூல். வாள்வீச்சுக்கு அது பொருந்தும், பாறைக்குப் பொருந்தாது.

ஒரே இரவு ஓய்வில் (நெடு ஓய்வு) காயமெல்லாம் ஆறுவது இன்னும் உறுத்தல். ஆட்டத்தை நடத்துபவருக்கான 2014 நூலான டஞ்சன் மாஸ்டர்ஸ் கைடின் 'கிரிட்டி ரியலிசம்' மாற்றுவிதி குறு ஓய்வை 8 மணி நேரமாகவும், நெடு ஓய்வை 7 நாளாகவும் நீட்டுகிறது. நீண்ட பயணக் கதைக்கு அருமை. ஆனால் மேஜ் ஆர்மர் என்ற பாதுகாப்பு மந்திரம் அதே 8 மணி நேரம்தான் நிற்கும். அதை மீண்டும் மீண்டும் போட்டால், நெடு ஓய்வில் நிரம்பும் விசார்டின் (மந்திரவாதி) ஸ்லாட்டுகள், அதாவது மந்திரம் போடும் வாய்ப்புகள், இரண்டே நாளில் காலியாகும். அத்தகைய மந்திரங்களின் நேரத்தையும் நீட்டிவிட்டே ஆரம்பியுங்கள்.