மியூசிக்பீயா, ஃபூபார்2000ஆ? அட்டைப்படத்தை வைத்து ஒரு விமர்சனம்

கணினிக்கு மியூசிக் பிளேயர் தேடுகிறவர்கள் முதலில் ஒலித் தரத்தைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். ஈக்வலைசர் போன்ற எதையும் தொடாமல் ஒலித் தரம் குறையாமல் சேமிக்கும் ஃபிளாக் ஃபைல் ஒன்றை ஓடவிட்டால், உருப்படியான எந்த பிளேயரிலும் வித்தியாசம் கேட்காது. பிளேயர்கள் உண்மையில் வேறுபடுவது அட்டைப்படத்தை எங்கே தேடுகின்றன, எங்கே எழுதுகின்றன, ஆல்பங்களை எதை வைத்துப் பிரிக்கின்றன என்பதில். விண்டோஸில் இலவசமாகக் கிடைக்கும் மியூசிக்பீயையும் ஃபூபார்2000ஐயும் அந்தக் கணக்கில் பார்ப்போம். சோதனைக்கு நம் ஊர் திரைப்பாடல் சேகரிப்பைவிடக் கடினமான பொருள் கிடைக்காது.

அட்டைப்படம் மூன்று இடங்களில் இருக்கலாம். பாட்டு ஃபைலின் டேக்குக்குள்ளேயே, அதாவது பாட்டின் பெயர், ஆல்பம் போன்ற தகவல்கள் இருக்கும் பகுதியிலேயே பதிந்திருக்கலாம். பாட்டு இருக்கும் ஃபோல்டரில் 'கவர்', 'ஃபோல்டர்' என்ற பெயரில் தனி ஜேபெக்காக இருக்கலாம். பிளேயர் தனக்கென வைத்திருக்கும் மறைவான சேமிப்பில் இருக்கலாம். மூன்றாவதுதான் வம்பு. ஆப்பிளின் ஐட்யூன்ஸில் 'கெட் ஆல்பம் ஆர்ட்வொர்க்' கொடுத்து வரும் படம் அந்த வகை. திரையில் அழகாகத் தெரியும், அதே பாட்டை பென் டிரைவில் போட்டு வேறு இடத்தில் திறந்தால் வெறும் இசைக்குறிதான். படம் காணாமல் போகவில்லை, பாட்டோடு அது சேரவே இல்லை.

முதல் இரண்டில் எது? ஆங்கில ஆல்பங்கள் போல ஒரு ஃபோல்டருக்கு ஒரு ஆல்பம் என்று ஒழுங்காக வைத்திருப்பவர்களுக்கு ஃபோல்டர் படமே போதும், இடமும் மிச்சம். ஒரு எம்பி படத்தை 12 பாட்டுக்குள்ளும் பதித்தால் 12 எம்பி போகிறது. ஃபோல்டரில் வைத்தால் ஒன்றே ஒன்று. ஆனால் நம்மிடம் இருப்பது பெரும்பாலும் 'எண்பதுகளின் மெலடி' என்று ஒரே ஃபோல்டரில் இருநூறு திரைப்படங்களின் பாட்டு. அங்கே ஒரு ஜேபெக்கைப் போட்டால் எல்லாப் பாட்டுக்கும் அதே முகம். ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் இன்னொரு படம் என்று வந்த கேசட்டிலிருந்து மாற்றியவற்றுக்கும் இதே கதி. ஆகவே திரைப்பாடலுக்கு உள்ளே பதிப்பதுதான் சரி. படத்தை 600க்கு 600 பிக்சலில், 100 முதல் 150 கேபிக்குள் வைத்துக்கொண்டால் 3000 பாட்டுக்கு அதிகபட்சம் 450 எம்பி ஆகும். இன்றைய டிஸ்க்குக்கு அது ஒரு பொருட்டல்ல.

மியூசிக்பீ நிறுவியவுடனே கண்ணுக்கு விருந்து. இடதுபக்கம் நூலகம், நடுவில் அட்டைகள் வரிசை வரிசையாக, வலதுபக்கம் ஓடும் பாட்டின் படம், வரிகள். எதையும் அமைக்காமலே இது கிடைக்கிறது. பாட்டைத் தேர்ந்து எடிட் சாளரத்தைத் திறந்தால் 'ஆர்ட்வொர்க்' என்று ஒரு தாவல் இருக்கும். அங்கே படத்தை ஒட்டலாம், முன்னட்டையா பின்னட்டையா என்று வகை சொல்லலாம், ஃபைலுக்குள் பதிக்கவா வெளியே வைக்கவா என்றும் தேர்வு செய்யலாம். வகை சொல்வதை அலட்சியம் செய்யக் கூடாது. சில பிளேயர்கள் முன்னட்டை என்று குறித்த படத்தை மட்டுமே தேடும். 'மற்றவை' என்று பதிந்திருந்தால் படம் இருந்தும் காட்டாது.

மியூசிக்பீயின் குறை, அதன் ஆர்வக் கோளாறு. இல்லாத படங்களை இணையத்தில் தேடித் தானே நிரப்பும் வசதி ஆங்கில ஆல்பங்களுக்கு அருமையாக வேலை செய்கிறது. தமிழ்ப் படப் பெயர்களுக்கு அது தெலுங்கு டப்பிங் அட்டையைக் கொண்டுவரலாம், அதே பெயருள்ள ஏதோ ஒரு வெளிநாட்டு ஆல்பத்தையும் கொண்டுவரலாம். எழுதிவிட்ட பிறகு ஒவ்வொன்றாகத் துரத்திப் பிடிப்பது பெரும்பாடு. தானாகத் தேடும் அமைப்பை முதல் நாளே அணைத்துவிட்டு, ஆல்பம் ஆல்பமாகக் கையால் தேடவிடுவது நல்லது. இன்னொன்று: இது சிறு படங்களைத் தன் சேமிப்பில் வைத்துக்கொள்வதால், வேறு மென்பொருளில் அட்டையை மாற்றினாலும் இங்கே பழையதே தெரியும். பாட்டின் மேல் வலது சொடுக்கு, 'சென்ட் டு', பிறகு 'ஃபைல் ரீஸ்கேன்' கொடுத்தால் புதியது வரும்.

ஃபூபார்2000 வேறு ஜாதி. 2002 முதல் பீட்டர் பாவ்லோவ்ஸ்கி எழுதிவரும் இந்த பிளேயர், முதல் பார்வைக்கு அலுவலகக் கணக்குப் புத்தகம் மாதிரி இருக்கும். 2023இல் வந்த இரண்டாம் பதிப்பில் இருண்ட தோற்றமும் 64 பிட்டும் கிடைத்தன. அழகுணர்ச்சி மட்டும் இன்னும் வரவில்லை என்று கிண்டல் செய்யலாம். ஆனால் சொன்னதைச் செய்யும், சொல்லாததைச் செய்யாது. இணையத்திலிருந்து படத்தைத் தானாக இறக்கி உங்கள் ஃபைலில் எழுதும் வேலையெல்லாம் இதற்கு இல்லை. என் கணக்கில் அது பெரிய நற்குணம்.

படத்தைத் திரையில் கொண்டுவர 'வியூ' பட்டியில் 'லேஅவுட்', அதில் 'குவிக் செட்டப்' திறந்து, அட்டைப்படத்துக்கு இடம் உள்ள ஒரு தோற்றத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். இடத்தை மாற்ற வேண்டுமென்றால் அதே பட்டியில் லேஅவுட் திருத்தும் நிலையை இயக்கி, வேண்டிய கட்டத்தில் வலது சொடுக்கி, 'ஆல்பம் ஆர்ட் வியூவர்' என்பதை அங்கே வைக்க வேண்டும். வேலை முடிந்ததும் அந்த நிலையை அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் எங்கே வலது சொடுக்கினாலும் திருத்தும் பட்டியே வந்து நிற்கும், 'மென்பொருள் கெட்டுவிட்டது' என்று பலர் அழிப்பது இதனால்தான். படத்தின் மேல் வலது சொடுக்கினால் முன்னட்டை, பின்னட்டை, டிஸ்க், கலைஞர் என்று மாற்றிப் பார்க்கலாம். பாட்டுப் பட்டியல் அச்சாகியிருக்கும் பின்னட்டையைச் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு இது பயனுள்ளது.

இதன் உண்மையான பலம் ப்ரிஃபரன்ஸஸில் 'டிஸ்ப்ளே' பகுதியின் கீழ் உள்ள 'ஆல்பம் ஆர்ட்' பக்கம். எந்தப் பெயருள்ள படங்களை எந்த வரிசையில் தேட வேண்டும் என்று அங்கே எழுதலாம். ஆல்பத்தின் பெயருக்கான குறியீட்டையும் அதில் சேர்க்கலாம். அதாவது எல்லா அட்டைகளையும் ஒரே ஃபோல்டரில், திரைப்படத்தின் பெயரையே ஃபைல் பெயராக வைத்துப் போட்டுவிட்டு, அந்தப் பாதையை இங்கே கொடுத்தால், ஆல்பம் டேக்கோடு பெயர் பொருந்தும் படம் தானாக வரும். பாட்டு ஃபைலைத் தொட விரும்பாதவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

அட்டைகளைச் சுவர் போல அடுக்கிப் பார்க்க ஆசைப்பட்டால் தனி காம்பொனெண்ட், அதாவது கூடுதல் வசதி தரும் துணை நிரல் தேட வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை: 32 பிட்டுக்கு எழுதிய பழைய காம்பொனெண்டுகள் 64 பிட் பதிப்பில் ஏறாது. அப்படி ஒன்றை நம்பி இருப்பவர்கள் இரண்டாம் பதிப்பின் 32 பிட் வடிவத்தையே போட்டுக்கொள்ளலாம்.

அடுத்து, இரண்டு பிளேயரிலும் வரும் ஒரு சிக்கல். ஒரு படத்தில் ஆறு பாட்டு, ஆறிலும் வேறு வேறு பாடகர். 'ஆர்ட்டிஸ்ட்' டேக்கில் பாடகர் பெயர் மட்டும் இருந்தால், ஒரே படம் நூலகத்தில் ஆறு ஆல்பமாகச் சிதறி, ஒரே அட்டை ஆறு முறை வரலாம். மருந்து 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' டேக்: எல்லாப் பாட்டுக்கும் இசையமைப்பாளர் பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் நிரப்பினால் ஆறும் ஒன்றாகும். ஒரு பாட்டில் 'இளையராஜா', இன்னொன்றில் அதையே ஆங்கில எழுத்தில் வைத்தால் மறுபடியும் பிரியும். மறுபக்கம், 'பில்லா' என்று 1980இலும் 2007இலும் படம் உண்டு. ஆல்பம் பெயரை மட்டும் வைத்துப் படம் தேடினால் ரஜினி பாட்டுக்கு அஜித் முகம் வந்து நிற்கும். முன்னதற்கு எம்.எஸ். விஸ்வநாதன், பின்னதற்கு யுவன் சங்கர் ராஜா என்று ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் சரியாக இருந்தால் நூலகம் அவற்றைப் பிரித்துவிடும். ஃபூபாரின் பெயர் வழித் தேடலுக்கு ஆண்டையும் ஆல்பம் பெயரோடு சேர்த்துவிடுவது இன்னும் பத்திரம்.

இந்தத் திருத்தங்களை பிளேயரிலேயே செய்யலாம். ஆனால் மொத்தமாகச் செய்ய எம்பி3டேக் என்ற தனிக் கருவிதான் கைக்கு வாகு. விண்டோஸில் இலவசம், மேக்கில் விலை கொடுக்க வேண்டும். ஒரு படத்தின் பாட்டுகளையெல்லாம் தேர்ந்து, இடதுபக்கக் கீழ்மூலையில் உள்ள படக் கட்டத்தில் அட்டையை இழுத்துப் போட்டு, சேமிப்பதைக் கொடுத்தால் முடிந்தது. அதற்கு முன் அமைப்புகளில், டேக் எழுதும் வடிவம் ஐடி3வி2.3, எழுத்துக் குறியாக்க முறை யுடிஎஃப்-16 என்று இருக்கிறதா பாருங்கள். லத்தீன் எழுத்துக்கான முறையில் இருந்தால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிடும். படத்தின் அளவைக் குறைத்து ஜேபெக்காக மாற்றும் செயலும் இதில் உண்டு. அதை மொத்தச் சேகரிப்புக்கும் ஒரே தடவையில் ஓட்டலாம். ஓட்டும் முன் நகல் எடுத்து வைப்பது அவசியம். ஏனென்றால், டேக்குக்கு ஒதுக்கிய காலியிடத்தைவிடப் படம் பெரிதாக இருந்தால் எம்பி3 ஃபைல் முழுவதையும் திரும்ப எழுத வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் பென் டிரைவைப் பிடுங்கினால் பாட்டே போகும். படத்தை நீக்கிய பிறகும் ஃபைல் அளவு குறையாமல் இருந்தால் அந்தக் காலியிடம் உள்ளே அப்படியே கிடக்கிறது என்று பொருள். ஃபூபாரில் 'யுடிலிட்டீஸ்' கீழ் ஃபைல் அளவைச் சுருக்கும் கட்டளை அதைக் களைந்துவிடும்.

இணையத்தில் எடுத்த படம் எதிலுமே தெரியவில்லையா? பெயரில் ஜேபெக் என்று இருந்தாலும், உள்ளே வெப்பி என்ற வேறு பட வடிவத்தில் இருக்கலாம். பெயரை மாற்றுவதால் வடிவம் மாறாது. பெயிண்டில் திறந்து ஜேபெக்காக மறுபடி சேமித்துப் பதியுங்கள்.

பழைய திரைப்படங்களின் அட்டைகளைச் சொந்தமாக ஸ்கேன் செய்வதே கடைசியில் நடக்கும். 2012இல் தொடங்கிய கவர் ஆர்ட் ஆர்க்கைவ் என்ற இணைய அட்டைப்படக் களஞ்சியம் நல்ல இடம்தான், ஆனால் கேசட் காலத்துத் தமிழ்ப் படங்களுக்கு எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். 12 செ.மீ. சிடி அட்டையை 300 டிபிஐயில் எடுத்தால் சுமார் 1400 பிக்சல் கிடைக்கிறது, தாராளம். அச்சுப் புள்ளிகளால் அலை அலையாகக் கோடு விழுந்தால் ஸ்கேனர் மென்பொருளில் 'டிஸ்கிரீன்' தேர்வை இயக்குங்கள். கேசட் அட்டையின் முகப்பு சதுரமல்ல, உயரம் அதிகம். அப்படியே பதித்தால் இரு பக்கமும் பட்டை விழும். தலைப்பும் முகமும் வரும் பகுதியைச் சதுரமாக வெட்டி முன்னட்டையாகவும், முழு அட்டையைத் தனி ஃபைலாகவும் வையுங்கள். 12 அங்குல இசைத்தட்டின் உறை ஏ4 ஸ்கேனரில் அடங்காது. பகுதி பகுதியாக எடுத்து ஒட்டுவதைவிட, நிழல் விழாத வெளிச்சத்தில் நேர்மேலிருந்து ஃபோட்டோ எடுப்பது எளிது.

பழைய விண்டோஸ் மீடியா பிளேயரை மட்டும் இந்தச் சேகரிப்பின் பக்கம் விடாதீர்கள். அது தானாக இறக்கும் 200க்கு 200 படத்தை 'ஃபோல்டர்' என்ற பெயரில் மறைவு ஃபைலாக எழுதும், நீங்கள் வைத்த பெரிய படத்தின் மேலேயே எழுதிவிடவும் கூடும். அட்டை திடீரென்று மங்கலாகிவிட்டது என்பவர்கள் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். அதன் இணையத் தகவல் அமைப்பை அணைத்துவிடுங்கள், அல்லது உங்கள் படத்துக்கு 'கவர்' என்று பெயர் வையுங்கள்.

மற்ற பிளேயர்கள் சுருக்கமாக. எய்ம்ப் இலேசானது, பழைய கணினிக்கு நல்லது. விஎல்சி படத்தைக் காட்டும், ஆனால் நூலகம் பராமரிக்க அதை நம்ப வேண்டாம். மேக்கில் மியூசிக் செயலியே போதும். பாட்டின் தகவல் சாளரத்தில் 'ஆர்ட்வொர்க்' தாவல் வழியாகக் கையால் படத்தைச் சேருங்கள். லினக்ஸில் கிளெமென்டைனிலிருந்து பிரிந்து வந்த ஸ்ட்ராபெரிக்கு அட்டைகளுக்கென்றே தனி நிர்வாகச் சாளரம் உண்டு. அங்கே ஃபைல் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு உண்டு என்பதால், விண்டோஸிலிருந்து கொண்டுபோகும்போது அட்டைப்பட ஃபைல்களின் பெயர்களையெல்லாம் சிறிய எழுத்தாக்கிவிடுங்கள்.

சேகரிப்பைக் கையில் எடுத்து ரசிப்பவர்களுக்கு மியூசிக்பீ, தானியங்கியை அணைத்துவிட்டு. ஆயிரக்கணக்கில் பாட்டு, பல ஹார்டு டிஸ்க், சொந்த ஒழுங்கு என்று இருப்பவர்களுக்கு ஃபூபார். காரில் கேட்கப் போகும் பென் டிரைவுக்கு மட்டும் தனி நகல் எடுத்து, படத்தை 500 பிக்சலுக்குக் குறைத்து, 'ப்ரோகிரசிவ்' (படிப்படியாகத் தெளிவாகும் வகை) அல்லாத சாதாரண ஜேபெக்காக வையுங்கள். பல கார் ஸ்டீரியோக்கள் ப்ரோகிரசிவ் படத்தைத் திறப்பதில்லை.