மெயினுக்கு முன்னால் ஓடும் சில வரிகள்: இறால் பண்ணை கன்ட்ரோலரில் பயன்படுத்திய அனுபவம்

தொண்டி, தேவிபட்டினம் பக்கம் இறால் பண்ணைகளுக்கு ஏரேட்டர் (குளத்து நீரில் காற்றைக் கலக்கும் மோட்டார்) கன்ட்ரோலர் செய்து கொடுக்கிறேன். உள்ளே ஏடிமெகா328பி என்ற மைக்ரோகன்ட்ரோலர் சிப். சில வருடங்களாக எல்லா போர்டிலும், மெயின் (புரோகிராமின் முக்கிய ஃபங்ஷன்) தொடங்கும் முன்பே ஓடும் ‘இனிட்3’ பகுதியில் நானே எழுதிய புரோகிராம் ஓடுகிறது. வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதற்கு இரண்டே வேலைதான் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஏவிஆர்-லிப்சியில் (இந்த வகை சிப்புகளுக்கான சி மொழி லைப்ரரி) சிப் ரீசெட் ஆனதும் மெயினுக்கு முன்பு இனிட்0 முதல் இனிட்9 வரை வரிசையாக ஓடும். இனிட்2 ஸ்டாக்கை (ஃபங்ஷன்கள் பயன்படுத்தும் தற்காலிக நினைவிடம்) தயார் செய்யும். இனிட்4 குளோபல் மாறிகளுக்கு மதிப்பு ஏற்றும், மீதியைப் பூஜ்ஜியமாக்கும். நடுவில் இருக்கும் இனிட்3 நமக்கென்று விட்ட காலி இடங்களில் ஒன்று. அங்கே போடும் ஃபங்ஷன் ‘நேக்கட்’ ஆக, அதாவது கம்பைலர் முன்னும் பின்னும் எதையும் சேர்க்காததாக, இருக்க வேண்டும். அதை யாரும் கூப்பிடுவதில்லை, ஓட்டத்தில் கடந்து போகிறோம். ரிட்டர்ன் வந்தால் சிப் எங்கே குதிக்கும் என்று சொல்ல முடியாது.

முதல் வேலை, ரீசெட்டுக்கான காரணத்தைக் காட்டும் எம்சியுஎஸ்ஆர் ரிஜிஸ்டரைப் படித்து, இனிட்4 தொடாத ‘நோஇனிட்’ மாறியில் வைப்பது. சாதாரண மாறியில் வைத்தால் அடுத்த நொடியே இனிட்4 துடைத்துவிடும். இரண்டாவது, வாட்ச்டாகை (புரோகிராம் உறைந்தால் சிப்பை ரீசெட் செய்யும் டைமர்) நிறுத்துவது. வாட்ச்டாக் ரீசெட் ஆன பிறகும் அது அணையாது. சுமார் 16 மில்லிசெகண்ட் கெடுவோடு மறுபடி ஓடும். டிஸ்பிளே, சென்சார் எல்லாம் எழுவதற்குள் திரும்ப ரீசெட், திரும்ப ரீசெட். எம்சியுஎஸ்ஆரில் உள்ள டபிள்யூடிஆர்எஃப் (வாட்ச்டாக் ரீசெட்டைக் குறிக்கும்) பிட்டை முதலில் அழிக்காவிட்டால் வாட்ச்டாக் நிற்கவும் நிற்காது. இந்த வரிசை முக்கியம்.

ரீசெட் காரணத்தை இப்படிப் பதிந்து வைத்ததால் கிடைத்த லாபம் பெரிது. கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும்போது போர்டு ரீசெட் ஆவதற்கு என் புரோகிராம்தான் காரணம் என்று ஒரு பண்ணையில் சண்டையே வந்தது. பதிவில் வந்ததோ பெரும்பாலும் பிரவுன்-அவுட் (வோல்டேஜ் இறக்கம்) பிட். மோட்டார்கள் ஒன்றாகக் கிளம்பும்போது வோல்டேஜ் விழுகிறது. சப்ளையை மாற்றினோம், மோட்டார்களை ஒவ்வொன்றாகக் கிளப்பினோம், சரியாகிவிட்டது. அந்தக் காரணத்தை ஈஇப்ராமில் (கரண்ட் போனாலும் அழியாத நினைவகம்) எழுதுவதை மட்டும் மெயினில் வைத்திருக்கிறேன். இனிட்3 அதற்கான இடமில்லை.

பூட்லோடர் (சிப்பில் புரோகிராமை ஏற்ற உதவும் சிறு புரோகிராம்) இருந்தால் கணக்கு மாறும். அதுதான் முதலில் ஓடும், எம்சியுஎஸ்ஆரையும் அழித்துவிடக்கூடும். ஆப்டிபூட் என்ற பூட்லோடரின் பிந்தைய பதிப்புகள் அந்த மதிப்பை ஆர்2 ரிஜிஸ்டரில் விட்டுப் போகும்; அங்கிருந்து எடுக்கலாம். பண்ணைக்குப் போகும் போர்டில் நான் பூட்லோடரே வைப்பதில்லை, நேராக ஐஎஸ்பி (புரோகிராமர் கருவியை சிப்போடு இணைத்து ஏற்றும் முறை) வழி ஏற்றிவிடுகிறேன்.

“தம்பி, கரண்ட் வந்ததும் ரிலே டிக்குன்னு அடிக்குது” என்று இன்னொரு பண்ணைக்காரர் சொன்னார். இதற்கு இனிட்3-ஐ நம்பக் கூடாது. ரீசெட்டின்போது பின்கள் எல்லாம் இன்புட்டாக மிதக்கின்றன, கிளாக் நிலைப்படும் வரை எந்தப் புரோகிராம் வரியும் ஓடாது. இந்தக் கரையில் உப்புக் காத்து போர்டின் மேல் ஈரப் படலமாக ஒட்டும். மிதக்கும் பின்னுக்கு அந்தக் கசிவே போதும். டிரான்சிஸ்டர் பேஸுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், போர்டு முழுக்க வார்னிஷ். டிக் சத்தம் போய்விட்டது.