எஸ்.பி. ரோட்டுக்கு லேப்டாப் கொண்டு போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

மகளின் லேப்டாப்பில் சி டிரைவ் சிவப்பாகிவிட்டது. 120 ஜிபியில் 3 ஜிபிதான் பாக்கி. டேலி என்ற கணக்கு மென்பொருளில் நான் எழுதும் கணக்கும் அதில்தான். பெங்களூரில் கம்ப்யூட்டர் என்றால் எஸ்.பி. ரோடுதானே, ஒரு சனிக்கிழமை எடுத்துப் போனேன்.

கடைப் பையன் என் பேச்சைக் கேட்டதுமே, "அண்ணா, நம்மாளா? நான் தர்மபுரிண்ணா" என்றான். அல்சூரிலேயே பிறந்து வளர்ந்தவன் நான். இருந்தாலும் மனசு இளகிவிட்டது. 800 ரூபாய் சொன்னான், பேரம்கூடப் பேசவில்லை.

ஒரு மணி நேரத்தில் சிவப்புக் கோடு நீலமாகிவிட்டது. நூறு ஜிபிக்கு மேல் காலி. "டி-யை சி-யோட சேத்துட்டேண்ணா, குப்பையெல்லாம் எடுத்தாச்சு." டி-யில் இருந்த போட்டோக்களைப் பத்திரமாக டெஸ்க்டாப்பில் வைத்திருந்தான். டீக்கும் காசு கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்தக் குப்பை என்ன தெரியுமா? டி-யில் விண்டோஸ்இமேஜ்பேக்கப் என்று ஒரு ஃபோல்டர். முந்தின மாதம் நான் எடுத்து வைத்த முழு சிஸ்டத்தின் நகல். திறந்து பார்த்தால் ஒன்றும் புரியாது, அதனால் குப்பை. விண்டோஸ் கெட்டால் திரும்பப் போட லேப்டாப் கம்பெனி ஒதுக்கிக்கொடுத்த 15 ஜிபி ரெகவரி பார்ட்டிஷன், அதுவும் குப்பை. சிஸ்டம் புரொடக்‌ஷனை அணைத்ததில் பழைய நிலைக்குத் திரும்ப உதவும் ரெஸ்டோர் பாயின்ட்டுகளும் காலி. பேக்கப்பை அதே டிஸ்கில் வைத்தது என் முட்டாள்தனம்தான். அதற்காக ஒரு வார்த்தை கேட்காமல் அழிப்பதா?

ஐந்தாவது வாரம் ஒரு அப்டேட் பாதியில் நின்று, லேப்டாப் எழுந்திருக்கவே இல்லை. கூட வந்த சின்னப் புத்தகத்தில் ரெகவரிக்கு எஃப்11 அழுத்தச் சொல்லியிருந்தது. விரல் வலித்ததுதான் மிச்சம்.

மறுபடி அதே கடை. "ஓஎஸ் கரப்ட்ணா, 2,500 ஆகும்." நீதானே ரெகவரியை எடுத்தாய் என்றால், "நாங்க பாத்தது ஸ்பேஸ் மட்டும்தாண்ணா" என்கிறான். பில்லைக் காட்டலாம் என்று தேடினால், விசிட்டிங் கார்டின் பின்னால் 'சர்வீஸ் 800' என்று பேனாவில் கிறுக்கியிருக்கிறது. அவ்வளவுதான். 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி 3பி என்ற வரிக் கணக்கைப் போட வேண்டும், வேறு வழியில்லாமல் கொடுத்தேன். சி-யை முழுக்க ஃபார்மேட் அடித்துக் கொடுத்தான். டேலி டேட்டா, மகளின் பி.யு.சி. (நம்மூர் பிளஸ் ஒன், பிளஸ் டூ மாதிரி) புராஜெக்ட், போட்டோக்கள் எல்லாம் போச்சு. பேப்பர் பில்லை வைத்துக் கணக்கை மறுபடி ஏற்ற இரண்டு வாரம் ஆனது.

அதோடு முடிந்ததா? விண்டோஸ் ஹோமோடு வந்த லேப்டாப்பில் இப்போது புரோ இருந்தது. ஆபீஸ் நண்பர் பார்த்துவிட்டு, கிராக் போட்டிருக்கிறான், அந்த ஃபோல்டரைப் பார்க்காதே என்று விண்டோஸின் வைரஸ் காவலாளி டிஃபெண்டரிடமும் சொல்லி வைத்திருக்கிறான் என்றார். மைக்ரோசாஃப்ட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் மீடியா கிரியேஷன் டூலை எடுத்து, 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றி, ஹோமையே திரும்பப் போட்டார். லைசென்ஸ் கீ கேட்கவே இல்லை. அது மதர்போர்டிலேயே இருக்கிறதாம். அசலைக் கையில் வைத்துக்கொண்டு திருட்டு விண்டோஸுக்கு 2,500 அழுதிருக்கிறேன்.

கடையில் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து கட்டங்களை மொபைலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எதை அழிக்கப் போகிறான் என்று எழுதி வாங்குங்கள். ஒரு பென் டிரைவில், விண்டோஸ் எழாதபோது உதவும் ரெகவரி டிரைவ் செய்து பீரோவில் போட்டு வையுங்கள். கணக்கு வழக்கெல்லாம் வெளி ஹார்ட் டிஸ்கில் இருக்கட்டும். அதற்கும் முன்னால், செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் ஸ்டோரேஜ். எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று அங்கேயே தெரியும். அப்டேட்டுக்குப் பின் தங்கும் பழைய விண்டோஸ், பத்து நாளில் தானே போய்விடும்.

இதையெல்லாம் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தபோது மகள் கேட்டாள்: "டவுன்லோட்ஸ்ல அத்தை பொண்ணு கல்யாண வீடியோ 18 ஜிபி ரெண்டு தடவை இருந்துச்சேப்பா. ஒண்ணை அழிச்சிருந்தாலே போதுமே?"